பிள்ளைக்கு ஃபேண்டஸி நாவல் வாங்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில், படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பிள்ளைக்கு ஆங்கில நாவல் வாங்குவது அவ்வளவு லேசான காரியம் இல்லை. ஈப்போவுக்குக் கார் எடுத்துப் போக வேண்டும், இல்லையென்றால் ஷாப்பியில் அட்டைப் படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட வேண்டும், ஒரு நாவல் நாற்பது ஐம்பது வெள்ளியைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. அப்படி வாங்கிய புத்தகத்தை இருபதாம் பக்கத்திலேயே பிள்ளை மூடி வைத்துவிட்டால், "இவனுக்குப் படிக்கிற பழக்கமே வராது" என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை பிள்ளையிடம் இல்லை, புத்தகத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் இருக்கிறது.

முதல் தவறு, நான் அதிகம் பார்க்கிற தவறும் இதுதான்: பின்னட்டையில் போட்டிருக்கும் வயதை அப்படியே நம்புவது. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தால், அது வீட்டிலும் பள்ளியிலும் ஆங்கிலமே பேசி வளர்ந்த பிள்ளையை நினைத்துப் போட்டது. நம் பிள்ளை வீட்டில் தமிழ் பேசுகிறது, ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் திடீரென்று எல்லாமே மலாய், நடுவில் வாரத்துக்குச் சில பாடவேளை மட்டும் ஆங்கிலம். அதனால் பதினான்கு வயதுப் பிள்ளையின் மனசு பதினான்கு வயதில் இருக்கும், ஆங்கில வாசிப்பு இரண்டு மூன்று வருடம் பின்னால் இருக்கும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மூன்று மொழி படிக்கிற பிள்ளை. ஆனால் மொழியை மட்டும் பார்த்து எட்டு வயசுக் குழந்தைக் கதையைக் கொடுத்தால் அதற்கு அவமானமாக இருக்கும், வயசை மட்டும் பார்த்துக் கொடுத்தால் மூச்சு முட்டும். தேட வேண்டியது, விஷயம் பெரிய பிள்ளைக்கு ஏற்றதாகவும் நடை எளிமையாகவும் இருக்கிற புத்தகத்தை.

புத்தகம் மெலிசாக இருந்தால் சுலபம் என்று நினைத்துவிடவும் கூடாது. 1968இல் வந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்சீ' ஏறக்குறைய இருநூறு பக்கம்தான், என்னைக் கேட்டால் ஃபேண்டஸியிலேயே மிக அழகானவற்றில் ஒன்று, ஆனால் பழங்கதை சொல்லும் நிதானமான நடை, உரையாடல் குறைவு, இப்போதுதான் ஆங்கிலத்தில் கால் ஊன்றுகிற பிள்ளைக்குக் கஷ்டம். 2005இல் வந்த பெர்சி ஜாக்சன் முதல் நாவல் 'தி லைட்னிங் தீஃப்' அதைவிட ரொம்பவே தடிமன். ஆனால் பன்னிரண்டு வயசுப் பையன் தன் கதையைத் தானே பேச்சு நடையில் சொல்கிறான், அவனுக்கு எழுத்துகளைப் படிப்பதிலேயே சிரமம், பள்ளியில் நல்ல பேர் கிடையாது. வாசிக்கத் தயங்கும் பிள்ளைகள் இதை வேகமாகப் படித்துப் போவதற்கு அந்தப் பேச்சு நடை முக்கியமான காரணம்.

சரி, எப்படிச் சோதிப்பது? முதல் பக்கத்தை விட்டுவிட்டு நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பிள்ளையையே படிக்கச் சொல்லுங்கள், தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும், ஒரு பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். இது ஆசிரியர்கள் பலர் பயன்படுத்தும் பழைய வழிதான். ஃபேண்டஸிக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம் தேவை: கதாசிரியர் புதிதாக உண்டாக்கிய பெயர்களையும் சொற்களையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஹாபிட் என்றால் என்ன என்று லண்டன் பிள்ளைக்கும் முதலில் தெரியாது, புத்தகமே சொல்லிக் கொடுத்துவிடும். சாதாரண ஆங்கிலச் சொற்கள் எத்தனை தடுக்குகின்றன என்பதை மட்டும் பாருங்கள். ஆன்லைனில் வாங்குவதாக இருந்தாலும் மாதிரிப் பக்கங்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும், கைப்பேசியில் திறந்து இதையே செய்யலாம்.

அடுத்தது அட்டையும் கதாநாயகன் வயதும். டிராகன் படம் போட்டிருந்தால் அது பிள்ளைகள் புத்தகம் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. 1996இல் வந்த 'எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவலில் ஏழு வயது பிரானும் ஒன்பது வயது ஆர்யாவும் முக்கியப் பாத்திரங்கள், ஆனால் அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான நாவல், கொடூரமும் பாலுறவும் தாராளமாக இருக்கிறது. இன்னும் குழப்பமானது 'எ கோர்ட் ஆஃப் தோர்ன்ஸ் அண்ட் ரோசஸ்'. 2015இல் இளையோர் நாவலாக விற்பனைக்கு வந்தது, உள்ளே வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகள், பிறகு 2020இல் பதிப்பகமே அட்டையை மாற்றிப் பெரியவர்கள் பிரிவுக்குக் கொண்டுபோனது. டிக்டாக்கில் பார்த்துவிட்டு படிவம் இரண்டு படிக்கும் பெண் பிள்ளைகள் கேட்கிறார்கள், அம்மாவும் அட்டையில் பூ இருக்கிறதே என்று வாங்கிவிடுகிறார். கேட்டதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள், அதற்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. உங்களுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது என்றால், காமன் சென்ஸ் மீடியா என்ற இணையத்தளத்தில் புத்தகத்தின் பெயரைத் தட்டினால் வன்முறை, பாலியல், கெட்ட வார்த்தை எவ்வளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள், அதைக் கைப்பேசியிலேயே மொழிபெயர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அது அமெரிக்கக் கணக்கு, நம் வீட்டு அளவுகோல் கொஞ்சம் வேறாக இருக்கும், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

"மந்திரம் சூனியம்னு படிச்சா புத்தி கெட்டுப்போகும்" என்று மொத்தமாகத் தடுப்பது இதற்கு நேர் எதிரான தவறு. லயத்து வீட்டில் பாட்டி சொன்ன முனியாண்டி கதையையும் வேதாளம் விக்கிரமாதித்தனிடம் கேட்ட கேள்விகளையும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம்? பேய் வருகிறதா என்று பார்ப்பதைவிட, அந்தப் பேயை வைத்துக் கதை என்ன சொல்கிறது என்று பாருங்கள். மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப் எழுதி 2020இல் வந்த 'தி கேர்ள் அண்ட் தி கோஸ்ட்' நாவலில் சுராயா என்ற சிறுமிக்குப் பாட்டியிடமிருந்து பெலெசிட் என்ற மலாய்ப் பேய் ஒன்று வந்து சேர்கிறது. அவளுக்குப் பள்ளியில் ஒரு தோழி கிடைத்ததும் அந்தப் பேய்க்குப் பொறாமை வந்துவிடுகிறது, கதை அங்கேதான் சூடு பிடிக்கிறது. கம்போங், பள்ளிக்கூடம், சாப்பாடு எல்லாம் நம் பிள்ளைக்குத் தெரிந்த உலகம் என்பதால் ஆங்கிலம் பாதி சுலபமாகிவிடும். படிவம் ஒன்று பிள்ளைக்கு நான் முதலில் கைகாட்டுவது இதைத்தான், ரொம்பப் பயப்படுகிற பிள்ளையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுத்துக் கொடுங்கள்.

புராணம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதும் சரியில்லை. 2018இல் வந்த 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்' பாண்டவர்களின் ஆன்மாவோடு அமெரிக்காவில் பிறந்த பெண் பிள்ளைகளின் கதை, கலகலப்பானது, மகாபாரதம் தெரிந்த பிள்ளை விழுந்து விழுந்து படிக்கும். ஆனால் தேவர்களையும் அசுரர்களையும் வைத்துச் சிரிப்பு மூட்டுகிறார்கள், வீட்டில் அதை விரும்பாதவர்கள் இருந்தால் வாங்கும்முன் தெரிந்துகொள்வது நல்லது.

தொடர் நாவல்களில் இன்னொரு சங்கடம். மலிவு விற்பனையில் ஐந்து பத்து வெள்ளிக்குக் கிடைக்கிறதே என்று மூன்றாம் பாகத்தை வாங்கி வருவார்கள், பிள்ளைக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. அட்டையில் இருக்கும் எண்ணும் சில சமயம் ஏமாற்றும். இப்போது விற்கும் நார்னியா தொகுப்புகளில் ஒன்றாம் எண் போட்டிருப்பது 1955இல் வந்த 'தி மெஜிஷியன்ஸ் நெவ்யூ', உண்மையில் முதலில் எழுதி வெளியானது 1950இல் வந்த 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'. அதிலிருந்து தொடங்கினால்தான் அலமாரிக் கதவுக்குப் பின்னால் பனிக்காடு இருக்கும் ஆச்சரியம் முழுசாகக் கிடைக்கும். அப்புறம், ஹாரி பாட்டர் ஏழு புத்தகத்தையும் பெட்டியாகப் பிறந்தநாளுக்கு வாங்கித் தருவது. முதல் புத்தகம் பிரிட்டிஷ் பதிப்பில் 223 பக்கம், ஐந்தாவது 766 பக்கம். தடிமன் மட்டுமா, நான்காவதின் முடிவில் ஒரு மாணவன் கொல்லப்படுகிறான், அதிலிருந்து கதை இருண்டுகொண்டே போகிறது. முதல் புத்தகத்தில் பதினொரு வயசாக இருந்த பையன் கடைசியில் பதினேழு, அதனால் பிள்ளையும் கூடவே வளரும்படி இடைவெளி விட்டுக் கொடுப்பது நல்லது.

தமிழில் படிக்கட்டும் என்று பொன்னியின் செல்வன் ஐந்து பாகத்தையும் ஒரே நாளில் கையில் வைப்பதும் இதே மாதிரிதான். அது வரலாற்று நாவல், ஃபேண்டஸி இல்லை, ஆனால் வாளும் சதியும் பிடிக்கிற பிள்ளைக்குப் பொருந்தும். முதல் பாகத்தை மட்டும் கொடுங்கள், முதல் சில அத்தியாயங்களை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். இடைநிலைப்பள்ளிக்குப் போனபின் தமிழ் வாசிப்பு மெதுவாகிவிட்ட பிள்ளைக்கு அந்தத் தொடக்கத்தைக் கடக்கத்தான் துணை வேண்டும்.

படக்கதை படிப்பதைப் படிப்பாகவே மதிக்காத பெற்றோரும் இருக்கிறார்கள். டிராகன் பிடிக்கும், எழுத்து பிடிக்காது என்கிற பிள்ளைக்கு 'விங்ஸ் ஆஃப் ஃபயர்' தொடரின் படக்கதை வடிவம் நல்ல வழி, அதைப் படித்து முடித்துவிட்டு அதே கதையின் நாவலுக்குப் போகும்போது ஆட்களும் இடங்களும் ஏற்கனவே தெரிந்திருக்கும். சண்டைக் காட்சிகளில் ரத்தம் அதிகம், வாங்கும்முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

இரவல் எடுக்க முடிகிற புத்தகத்தை முதலில் இரவலாகவே எடுங்கள், பள்ளி நூலகத்திலோ பொது நூலகத்திலோ. ஐம்பது பக்கம் வரை படித்தும் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு எடுக்கட்டும், வாங்கியாச்சு முடித்துத்தான் ஆக வேண்டும் என்று உட்கார வைக்காதீர்கள். முதல் பாகத்தை முடித்துவிட்டு இரண்டாவது எங்கே என்று பிள்ளையே வந்து கேட்டால், அப்போது அந்த ஐம்பது வெள்ளியைச் செலவு செய்யுங்கள்.