கேரி ஆப்லெட்: அப்பாவா, மகனா? ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஸ்திரேலிய ரூல்ஸ் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் முதலில் தடுமாறுவது பெயரில்தான். அப்பாவும் கேரி ஆப்லெட், மகனும் கேரி ஆப்லெட், இருவருமே ஜீலாங் கிளப்பின் நட்சத்திரங்கள். ஆயிரத்துக்கு மேல் கோல் அடித்தவர் அப்பா. சீசனின் சிறந்த ஆட்டக்காரருக்கு நடுவர்கள் ஓட்டில் கிடைக்கும் பிரவுன்லோ பதக்கத்தை 2009, 2013 என இரண்டு முறை வாங்கியவர் மகன். இரண்டையும் ஒரே ஆள் கணக்கில் எழுதிவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பழைய வீடியோவில் சந்தேகம் வந்தால் முதுகைப் பாருங்கள். ஜீலாங் சட்டையில் 5 இருந்தால் அப்பா, 29 இருந்தால் மகன். மகன் பின்னாளில் கோல்ட் கோஸ்ட் அணிக்குப் போய் 9 போட்டார், ஜீலாங்குக்குத் திரும்பி வந்தபோது 4.

பெயர்க் குழப்பத்தை விடப் பெரிய தவறு, கோல் எண்ணிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்வது. அப்பா 248 ஆட்டங்களில் ஆயிரத்தைத் தாண்டினார், மகன் 357 ஆட்டங்களில் 445 கோல், அதனால் அப்பாதான் பெரியவர் என்று முடித்துவிடுகிறார்கள். சரி, இருவரும் மைதானத்தில் எங்கே நின்றார்கள்? அப்பா கோல் கம்பத்துப் பக்கம் நின்று, வருகிற பந்தை எகிறிப் பிடித்து, உதைத்து உள்ளே அனுப்பியவர். மகன் நடுக்களத்தில் கூட்டத்துக்குள் குனிந்து பந்தை எடுத்து, நாலு பேர் மேலே விழுவதற்குள் அதைச் சரியான ஆளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர். மிட்ஃபீல்டில் இருந்துகொண்டு 445 கோல் அடித்திருக்கிறார் என்பதை அந்தப் பார்வையில் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

இதிலும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அப்பா ஆரம்பத்திலிருந்தே கோல் கம்பத்தடியில் நிற்கும் ஃபுல் ஃபார்வர்ட் இல்லை. ஓரத்தில் விங்கிலும், கோலிலிருந்து கொஞ்சம் தள்ளி ஹாஃப் ஃபார்வர்டிலும் பல வருடம் ஓடிய பிறகு, 1993-ல்தான் கோல் கம்பத்துக்கு முன்னால் நிரந்தரமாக நின்றார். அந்த சீசனில் 17 ஆட்டத்தில் 124 கோல். 93, 94, 95 என்று வரிசையாக மூன்று வருடம், அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம் அவருக்கே. மகனும் பிறவி மிட்ஃபீல்டர் கிடையாது. சின்ன ஃபார்வர்டாகத்தான் நுழைந்தார், 2007-ல் நடுக்களத்துக்கு வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. இருவருமே பாதி வழியில் வேலை மாறியவர்கள் என்பதால், மொத்தக் கணக்கை ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் முள் எங்கேயோ போய் நிற்கும்.

அப்புறம் கோப்பைக் கணக்கு. மகனுக்கு 2007, 2009 என இரண்டு பிரீமியர்ஷிப் (சீசன் கோப்பை), அப்பாவுக்கு ஒன்றுகூட இல்லை. "பெரிய ஆட்டத்தில் அப்பாவுக்குக் கை வரவில்லை" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபமே வருகிறது, ஏனென்றால் அவர்கள் 1989 கிராண்ட் ஃபைனலைப் பார்க்கவில்லை என்று அர்த்தம். முதல் கால் பகுதி முடியும்போதே ஜீலாங் 40 புள்ளி பின்னால் இருந்தது. அந்த நிலையிலிருந்து ஆட்டத்தைத் திரும்ப இழுத்து வந்ததில் பெரும் பங்கு அப்பாவுடையது. எல்லைக்கோட்டிலிருந்து நடுவர் பந்தை உள்ளே எறிகிறார். உயரமான ரக் ஆட்டக்காரர்கள் அதைத் தட்டிவிடத் தாவுகிறார்கள். அவர்கள் நடுவே கையை நீட்டி, பந்து தரையைத் தொடுவதற்கு முன்பே பிடித்து, தோளைத் திருப்பி அப்படியே கோலுக்குள் உதைத்தார். அன்றைக்கு மொத்தம் ஒன்பது கோல். 1928-ல் கார்டன் கவென்ட்ரி வைத்த கிராண்ட் ஃபைனல் சாதனைக்குச் சமம். சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் தோற்ற அணியில் இருந்த அவருக்குப் போனது. எதிரணி ஹாதார்ன் 144, ஜீலாங் 138. ஒரு கோலுக்கு ஆறு புள்ளி, அவர்கள் தோற்றதும் ஆறு புள்ளியில்தான். இதற்கு மேல் ஒரு மனிதர் என்ன செய்ய முடியும்?

அதற்காக அப்பாவை எல்லா ஃபைனலிலும் சிங்கமாக நிறுத்துவதும் தப்பு. 1995 கிராண்ட் ஃபைனலில் கார்ல்டனின் ஸ்டீபன் சில்வாக்னி அவரை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. (அந்த சில்வாக்னியின் அப்பா செர்ஜியோவும் கார்ல்டனுக்குக் கோப்பை வென்று கொடுத்தவர். இந்த ஆட்டத்தில் குடும்பக் கதைகளுக்குப் பஞ்சமே இல்லை.)

கோப்பைதான் அளவுகோல் என்றால் மகனுக்கும் அநியாயம்தான் நடக்கும். 2011-ல் அவர் புத்தம்புதிய கோல்ட் கோஸ்ட் அணிக்குக் கேப்டனாகப் போனார். முதல் இரண்டு வருடமும் தலா மூன்று வெற்றிதான், 2013-ல் பதினான்காவது இடம். அந்த அணியில் ஆடிக்கொண்டே தன் இரண்டாவது பிரவுன்லோவை வாங்கினார். சுற்றிலும் அனுபவமில்லாத பையன்கள், எதிரணியின் கண்ணெல்லாம் அவர் மேல், அப்படியும் வாராவாரம் நடுவர்கள் அவருக்கே ஓட்டுப் போட்டார்கள். என்னைக் கேட்டால் அவருடைய உச்சம் கோப்பை வென்ற வருடங்களை விட இதுதான்.

பிரவுன்லோவை வைத்து அப்பாவை மட்டம் தட்டுவதையும் விடுங்கள். அது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவர்கள் 3, 2, 1 என்று போடும் ஓட்டு. நாள் முழுக்க பந்தைச் சுற்றியே ஓடும் மிட்ஃபீல்டர்தான் அவர்கள் கண்ணில் அதிகம் படுவார். கோல் கம்பத்தடியில் நிற்பவருக்கு அது கிடைப்பது அபூர்வம். 1993-ல் எசெண்டனுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 14 கோல் அடித்தார் அப்பா, அணி தோற்றுப்போனது. பதக்க எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது. மகனை அளக்கவும் பிரவுன்லோ மட்டும் போதாது. கூட ஆடிய, எதிர்த்து ஆடிய வீரர்களே ஓட்டுப் போட்டுத் தரும் லீ மேத்யூஸ் கோப்பையை மகன் ஐந்து முறை வாங்கியிருக்கிறார். அவர் தரத்தைச் சொல்ல எனக்கு அதுதான் நம்பகமான சான்று.

காலத்தையும் மறக்கக் கூடாது. 1989-ல் பெஞ்சில் மாற்று ஆட்டக்காரர்கள் இரண்டே பேர், மகன் வந்தபோது நான்கு பேர். மாற்றி மாற்றி ஓய்வெடுத்து ஓட முடிந்ததால்தான் மிட்ஃபீல்டின் வேகமே மாறியது. ஆரம்பமும் வேறு. அப்பா ஹாதார்னில் 6 ஆட்டம் ஆடிவிட்டு, மிர்ட்டில்ஃபோர்டில் நாட்டுப்புறக் கிளப்புக்குப் போய், 22 வயதில்தான் ஜீலாங்குக்கு வந்தார். மகன் 17 வயதிலேயே களமிறங்கிவிட்டார்.

புலிக்குப் பிறந்தது பூனையாகுமா என்று சொல்லி மகனின் உழைப்பைச் சுருக்கிவிடுவது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முன்னாள் வீரரின் மகனை அதே கிளப் எடுத்துக்கொள்ள இடம் தரும் அப்பா–மகன் விதி இருந்ததால்தான் ஜீலாங்குக்கு வந்தார், உண்மை. ஆனால் கிளப்கள் வரிசையாகப் புது வீரர்களை எடுக்கும் அந்த 2001 தேர்வில் (டிராஃப்ட்) அவருக்குக் கிடைத்தது 40-ஆவது இடம். விதி கதவைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் பிறகு 2007-லிருந்து 2014 வரை எட்டு வருடம் தொடர்ந்து, சீசனின் சிறந்த வீரர்களைக் கொண்ட ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம்பிடித்ததை எந்த விதியும் தந்திருக்க முடியாது.

மகனுக்கு எல்லாமே நல்லபடியாக முடிந்தது, அப்பாதான் பாவம் என்ற கதையும் சரியில்லை. மகனின் கடைசி ஆட்டம் 2020 கிராண்ட் ஃபைனல், பிரிஸ்பேன் காபா மைதானத்தில். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே தோளில் அடி. ஓய்வறைக்குப் போய்விட்டு, களத்துக்குத் திரும்பி வந்து, ஒரு கை சரியாக வேலை செய்யாத நிலையில் மீதி ஆட்டத்தை ஆடினார். ரிச்மண்ட் ஜெயித்தது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணி வீரர்களும் வரிசையாக நின்று வழிவிட, அவர் நடந்து வெளியே போனார்.