மலையில் வைக்கும் சென்சார் பெட்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் கேரட் வயலுக்கோ வீட்டுத் தோட்டத்துக்கோ சொந்தமாக வானிலைப் பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே பாகங்களைத்தான் வாங்குகிறார்கள்: ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை), ஈரப்பத சென்சார், சின்ன சோலார் பேனல், ஒரு 18650 லித்தியம் செல். புரோகிராமிலும் சால்டரிங்கிலும் வரும் பிழைகளை விட்டுவிடுவோம். அவை மேசையிலேயே தெரிந்துவிடும். மழைக்காலம் முடிந்து பெட்டியைத் திறக்கும்போதுதான் தெரியவரும் தவறுகள் வேறு.

பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைப்பது

பணத்தைத் தின்னும் தவறு இதுதான். புதிதாகச் செய்பவர்கள் வரிசையாக இதிலேயே விழுவதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மழைக்குப் பயந்து மூடி, ஒயர் துளை, திருகுத் தலை என்று எல்லா இடத்திலும் சிலிகானை அப்பிவிடுகிறார்கள். சில வாரம் நன்றாக ஓடும். பிறகு ஒரு நாள் காலையில் அளவுகள் தாறுமாறாக வரும். திறந்து பார்த்தால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர், போர்டில் பச்சைக் களிம்பு. உடனே "எங்கேயோ ஓட்டை இருக்கு" என்று இன்னொரு பூச்சு. மன்னவனூர்ப் பக்கம் பூண்டு வயலில் வைத்த ஒரு பெட்டிக்கு இப்படியே மூன்று போர்டு போனது.

வெயிலில் பெட்டிக்குள் 50 டிகிரி எளிதாக ஏறும். இரவில் 5 டிகிரிக்கு இறங்கினால், இறுக்கி அடைத்த பெட்டிக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ 14 சதவீதம் விழும். அந்த இழுப்புக்கு ரப்பர் வளையம் தினமும் ஈடுகொடுக்காது. கேபிளுக்குள் இருக்கும் கம்பி இழைகளின் இடுக்கு வழியாகக்கூடக் காற்று உள்ளே வரும். வருவதோ மூடுபனிக் காற்று. 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று 13 கிராம் அளவுக்கு நீராவியைத் தாங்கும்; 5 டிகிரியில் 7 கிராம்கூடத் தாங்காது. மீதி போர்டில் படியும். மூடி விளிம்பில் மழைநீர் தேங்கியிருந்தால் இன்னும் மோசம்: பெட்டி அந்த நீரையே உறிஞ்சிக்கொள்ளும், அது வெளியேற வழியே இருக்காது.

சிலிகானிலும் ஒரு வினை உண்டு. வினிகர் வாசம் வரும் வகை காயும்போது அசிட்டிக் அமிலத்தை விடும். அடைத்த பெட்டிக்குள் அது செம்பை அரிக்கும். டியூபில் 'நியூட்ரல் க்யூர்' என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள்.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். பெட்டியின் அடியில், மிகத் தாழ்ந்த மூலையில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டு, எறும்பு நுழையாதபடி உள்ளிருந்து நெருக்கமான ஸ்டீல் வலையை ஒட்டுங்கள். ஒயர்கள் கீழ்ப்பக்கமாகவே நுழையட்டும். நுழையுமுன் ஒரு வளைவு தொங்கினால் நீர் அங்கேயே சொட்டிவிடும். போர்டை 10 மி.மீ. ஸ்பேசரில் செங்குத்தாக நிறுத்தி, அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் படாமல் போர்டைக் காக்கும் மெல்லிய பூச்சு) இரண்டு முறை அடியுங்கள். அதற்கு முன் கனெக்டர்களையும் சென்சாரின் முகத்தையும் டேப்பால் மறைக்க மறக்கக் கூடாது. பெட்டிக்கு மேல் ஒரு வெள்ளைத் தகடு நிழல் தந்தால் பகல்-இரவு வெப்ப வித்தியாசமே குறையும். சிலிக்கா ஜெல்லை நம்ப வேண்டாம். மூடுபனிக் காலத்தில் அது சீக்கிரமே நிறைந்துவிடும்.

கரண்ட் லைன் பக்கத்தில் இருந்தால், 5 வோல்ட்டில் 100 ஓம், அரை வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போர்டுக்குக் கீழே வையுங்கள். கால் வாட் சூடு பெட்டியின் உள்ளே வெளிக்காற்றைவிடச் சற்றே வெதுவெதுப்பாக வைத்திருக்கும். பேட்டரியில் ஓடும் பெட்டிக்கு இது ஆகாது; நாளுக்கு 1.2 ஆம்பியர்-மணி தின்றுவிடும்.

உறைபனியில் சார்ஜ் ஏற்றுவது

தலைகுந்தா, காந்தல் மாதிரி பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி விடியலில் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கும். அந்தக் குளிரில் உறைந்த செல்லுக்குக் காலை வெயில் பட்டவுடன் பேனல் சார்ஜ் ஏற்றத் தொடங்கும். 0 டிகிரிக்குக் கீழே லித்தியம் செல்லை சார்ஜ் செய்தால் ஆனோடின் (செல்லின் எதிர்முனை) மேல் லித்தியம் உலோகமாகப் படிந்து, செல்லின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். உள்ளேயே ஷார்ட் ஆகும் ஆபத்தும் உண்டு. மலிவான டிபி4056 சார்ஜர் போர்டுகளில் வெப்பநிலையைக் கவனிக்கும் பின்னை பெரும்பாலும் கிரவுண்டில் கட்டியிருப்பார்கள், அதாவது காவல் கிடையாது. என்டிசி (வெப்பத்தை உணரும் ரெசிஸ்டர்) இணைப்பு உள்ள சார்ஜரை வாங்கி, என்டிசியைச் செல்லின் உடலோடு ஒட்டி வையுங்கள்.

"பிரஷர் சென்சார் பழுது"

பழுது இல்லை. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். கடல்மட்டத்தில் வரும் 1013 காட்டாது, 770-785 ஹெக்டோபாஸ்கல்தான் காட்டும்.

இரண்டு கம்பி மண் ஈர சென்சார்

வாங்காதீர்கள். முனை அரித்துப்போகும். உலோகம் மண்ணைத் தொடாத கெபாசிட்டிவ் வகையிலும் வெட்டு விளிம்புகளுக்கு எப்பாக்சி பூச வேண்டும்.

மழைமானியைச் சோதிக்காமல் விடுவது

சாய்ந்த நிலத்தில் கம்பத்தை நட்டுவிட்டு, மட்டக்கோல் வைத்துப் பார்க்காமல் போகிறார்கள். டிப்பிங் பக்கெட் (நீர் நிறைந்ததும் மாறி மாறிக் கவிழும் இரட்டைக் கிண்ணம்) சாய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் கவிழும். புனலின் வாய் 20 செ.மீ. விட்டம் என்றால் 314 மில்லி நீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். அதை அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். கணக்கு இடித்தால் பக்கெட்டுக்குக் கீழே உள்ள இரண்டு திருகுகளையும் ஒரே அளவு திருப்பி, மறுபடி ஊற்றுங்கள்.