பெரிய இன நாய்க்குட்டி நொண்டினால், கால்சியம் சிரப்பை எடுக்கும் முன்

ஆறு மாத லாப்ரடார் குட்டி முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தால், நம் ஊரில் முதலில் வீட்டுக்கு வருவது கால்சியம் சிரப்தான். செல்லப்பிராணிக் கடையில் அதைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். குட்டியை விற்றவரும் "வளர்ற குட்டி, சத்து பத்தல" என்கிறார். ஆனால் பெரிய இனக் குட்டிகளுக்கு வரும் ஒரு முக்கியமான மூட்டு நோயில், கூடுதல் கால்சியம் மருந்தே இல்லை. அந்த நோயை உண்டாக்கும் காரணங்களில் அதுவும் ஒன்று.

நோயின் பெயர் ஆஸ்டியோகான்ட்ரோசிஸ். வளரும் குட்டிக்கு எலும்பின் முனைகள் முதலில் குருத்தெலும்பாக இருக்கும். அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அது எலும்பாக மாறிக்கொண்டே வரும். ஏதோ ஓரிடத்தில் இந்த மாற்றம் நின்றுபோனால், அங்கே குருத்தெலும்பு தடித்துக்கொண்டே போகிறது. மேல்புறத்துக்கு மூட்டு நீரிலிருந்து ஊட்டம் கிடைத்துவிடும், ஆழத்துக்குப் போய்ச் சேராது. அங்குள்ள செல்கள் சாகின்றன, விரிசல் விழுகிறது, ஈரச் சுவரில் பூச்சு உப்பிக் கிளம்புவதுபோல் ஒரு துண்டு மேலே எழும்புகிறது. இந்தக் கட்டத்தை ஆஸ்டியோகான்ட்ரைடிஸ் டிசெகன்ஸ் என்பார்கள். சில நேரம் துண்டு முழுவதுமாகக் கழன்று மூட்டுக்குள் மிதக்கும்.

அதிகம் வருவது தோள் மூட்டில். முழங்கை, பின்னங்கால் முட்டி, கணுக்கால் ஆகியவற்றிலும் வரலாம். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட், கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் குட்டிகளில், பெரும்பாலும் நான்கிலிருந்து பத்து மாதத்துக்குள் தெரியவரும். தோளில் வருவது ஆண் குட்டிகளுக்கே அதிகம்.

கால்சியம் விஷயத்துக்கு வருவோம். வளர்ந்த நாய்க்குத் தேவைக்கு மேல் கால்சியம் போனால் குடல் அதை ஓரளவு தடுத்துவிடும். ஐந்தாறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்கு அந்தத் திறமை இன்னும் வந்திருக்காது. போகிற கால்சியத்தில் பெரும்பங்கு ரத்தத்தில் சேர்ந்துவிடும். அது குருத்தெலும்பு எலும்பாக மாறுவதைக் குலைக்கிறது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களில் ஹாசெவிங்கெல் குழுவினர் கிரேட் டேன் குட்டிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். உலர் எடையில், அதாவது ஈரப்பதத்தைக் கழித்த எடையில், 1.1 சதவீதம் கால்சியம் உள்ள உணவு ஒரு பிரிவுக்கு, 3.3 சதவீதம் உள்ள உணவு இன்னொரு பிரிவுக்கு. அதிகக் கால்சியம் தின்ற குட்டிகளுக்குத்தான் எலும்பு வளர்ச்சிக் கோளாறுகள் கடுமையாக வந்தன.

அதனால் உங்கள் குட்டி சாப்பிடும் பையின் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பெரிய இனக் குட்டிகளுக்கான உணவில் உலர் எடைக்கு 1.8 சதவீதத்துக்கு மேல் கால்சியம் கூடாது என்பது அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு வகுத்த வரம்பு. லேபிளில் கால்சியம் 1.4 சதவீதம், ஈரப்பதம் 10 சதவீதம் என்று போட்டிருந்தால், ஈரம் போக உலர் எடை 90 சதவீதம், அதனால் 1.4-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். ஏறக்குறைய 1.56 வரும். வரம்புக்குள்தான் இருக்கிறது. இதன்மேல் தினம் சிரப், அப்புறம் முட்டை ஓட்டுப் பொடி என்று சேர்த்தால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். முழுமையான குட்டி உணவு தின்னும் குட்டிக்குக் கூடுதல் கால்சியம் தேவையே இல்லை.

வீட்டுச் சாப்பாடு மட்டும் தின்னும் குட்டியின் கதை வேறு. சோறும் கோழிக்கறியும் மட்டும் கொடுத்தால் கால்சியம் நிஜமாகவே குறையும், எலும்பு மெலிந்து முறியக்கூட முறியும். அங்கே கால்சியம் வேண்டும். ஆனால் எவ்வளவு என்பதைக் குட்டியின் எடையையும் உணவையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். கண் அளவில் ஊற்றுகிற விஷயம் இல்லை இது.

கொழுகொழுவென்று வளர்ப்பது இன்னொரு தவறு. கிண்ணத்தை எப்போதும் நிரப்பி வைத்தால் குட்டி சீக்கிரம் பெரிதாகும், பார்ப்பவர்கள் மெச்சுவார்கள். மூட்டு அந்த எடைக்குத் தயாராகியிருக்காது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஹெட்ஹம்மார் குழுவினர் 1974-இல் வெளியிட்ட ஆய்வில், இஷ்டத்துக்குத் தின்ற கிரேட் டேன் குட்டிகளையும் அதில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் தின்ற குட்டிகளையும் ஒப்பிட்டார்கள். எலும்புக் கோளாறுகள் அதிகம் வந்தது வயிறு முட்டத் தின்றவற்றுக்கு. விலாவில் கை வைத்தால் எலும்புகள் எளிதாகத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிய வேண்டும். குட்டி ஒல்லியாக இருக்கிறதே என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும்.

"வளர்ந்தா தானா சரியாயிடும்" என்று காத்திருப்பதும் ஆபத்து. இந்தப் பேச்சுக்கு ஒரு காரணம் உண்டு. பேனாஸ்டியைடிஸ் என்ற எலும்பு வலி இதே வயதில் வரும், நாளாக ஆகத் தானாகவே போய்விடும். அது பெரும்பாலும் கால் மாறி மாறி நொண்ட வைக்கும், நீண்ட எலும்பின் நடுப்பகுதியை அழுத்தினால் வலிக்கும். ஆஸ்டியோகான்ட்ரோசிஸில் வலி மூட்டில் இருக்கும், ஒரே காலில் நிலைத்து நிற்கும். இரண்டையும் வீட்டிலிருந்தே பிரித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் இரண்டு வாரமாக ஒரே கால் நொண்டுகிறது என்றால் இனியும் காத்திருக்க வேண்டாம்.

எதைக் கவனிப்பது? படுத்து எழுந்ததும் குட்டி விறைப்பாக நடக்கும், கொஞ்சம் நடந்ததும் தேவலை போல் இருக்கும், ஓடி ஆடிய பிறகு மறுபடி மோசமாகும். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும் கணத்தில் தலை மேலே தூக்கும். இரண்டு தோளிலும் நோய் இருந்தால் நொண்டுவதே தெரியாது, அடியைக் குறுக்கிக் குறுக்கி வைக்கும், அவ்வளவுதான். அப்போது தோள்பட்டை மேல் கையை ஓட்டிப் பாருங்கள். தசை வற்றியிருந்தால் எலும்பின் மேடு கூர்மையாகத் தட்டுப்படும். இதையெல்லாம் மொபைலில் வீடியோ எடுத்து வையுங்கள். கிளினிக்குக்குள் போனதும் பயத்திலும் பரபரப்பிலும் குட்டி நேராக நடந்து காட்டிவிடும்.

எக்ஸ்ரே என்று வந்தால், நொண்டும் பக்கத்தை மட்டும் எடுத்து நிறுத்திவிட வேண்டாம். இரண்டு பக்கமும் பாதிக்கப்படுவது சகஜம், ஒன்றில் வலி அதிகமாக இருப்பதால் மற்றது மறைந்திருக்கும். மயக்க ஊசி வேண்டாம் என்று அடம் பிடிக்கவும் வேண்டாம். வலிக்கிற தோளைச் சரியான கோணத்தில் நீட்டிப் பிடிக்க விழித்திருக்கும் குட்டி விடாது, கலங்கிய படத்தில் ஒன்றும் தெரியாது. கழன்ற குருத்தெலும்புத் துண்டு பெரும்பாலும் எக்ஸ்ரேயில் விழாது. உருண்டையாக இருக்க வேண்டிய எலும்புத் தலை தட்டையாகியிருப்பதுதான் அடையாளம். ஆரம்பத்தில் அதுவும் தெரியாமல் போகலாம். சந்தேகம் தீரவில்லை என்றால் சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அல்லது சி.டி. ஸ்கேன். உங்கள் ஊரில் வசதி இல்லையென்றால் வேப்பேரி, நாமக்கல் போன்ற கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் இருக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் இரண்டும் நாய்க்கு வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். பாராசிட்டமாலும் ஆபத்துதான். நாய்களுக்கென்று உள்ள மருந்தை மருத்துவர் தந்தாலும், வலி தெரியாத குட்டி குதித்து ஓடும், புண்பட்ட மூட்டு இன்னும் கெடும். மருந்து கொடுக்கும் நாட்களில் ஓட்டத்தையும் நிறுத்த வேண்டும்.

துண்டு இன்னும் கழலாத சிறிய பாதிப்பு என்றால் சில வார ஓய்வும் அளவான உணவும் போதுமானதாக இருக்கலாம். ஓய்வு என்றால் நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிப் போடுவது இல்லை. கயிற்றில் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் மெதுவாக நடத்தலாம். மாடிப்படி, வழுக்கும் டைல்ஸ் தரை, கட்டிலிலிருந்து குதிப்பது, பந்து துரத்துவது எல்லாம் கூடாது.

துண்டு கழன்றுவிட்டால் அறுவை சிகிச்சைதான் வழி. துண்டை எடுத்துவிட்டு அடியில் செத்துப்போன பகுதியைச் சுரண்டி விடுவார்கள், அங்கே நார்க் குருத்தெலும்பு வளர்ந்து குழியை மூடும். சின்னக் குட்டிக்கு ஆபரேஷனா என்று தள்ளிப் போடுபவர்கள் நிறைய. தோளில் இந்தச் சிகிச்சை பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது. முழங்கை, முட்டி, கணுக்காலில் அந்த அளவுக்கு உறுதி சொல்ல முடியாது, சிகிச்சைக்குப் பிறகும் மூட்டுத் தேய்மானம் வரக்கூடும். தள்ளிப் போடப் போட அது அதிகமாகும். சிகிச்சை முடிந்து இரண்டு வாரத்தில் குட்டி துள்ளத் தொடங்கும்போது அவிழ்த்து விடுவதும் தவறு. மருத்துவர் சொன்ன வாரங்கள் முடியும்வரை கயிறு கையில் இருக்க வேண்டும்.

நோய் பரம்பரையிலும் வரும். குணமாகி நன்றாக ஓடினாலும் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடக் கூடாது. குட்டியை விற்றவரிடமும் தகவல் சொல்லுங்கள், அதே தாய் தகப்பனை மறுபடி சேர்க்காமல் இருக்கவும், கூடப் பிறந்த குட்டிகளை வாங்கியவர்கள் நேரத்தோடு பரிசோதித்துக்கொள்ளவும் அது உதவும்.