பரம்பரையாக வந்த சுவிஸ் கைக்கடிகாரத்தைச் சர்வீஸுக்குக் கொடுப்பது எப்படி?

கொழும்பிலும் ரங்கூனிலும் சிங்கப்பூரிலும் தொழில் செய்து ஊர் திரும்பியவர்கள் மிகுந்த நெல்லைச் சீமையில், ஒமேகா, ரோலக்ஸ், லாஞ்சின்ஸ் போன்ற ஒரு பழைய கைக்கடிகாரம் பீரோவின் உள்ளறையில் உறங்கும் வீடுகள் மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் இன்றும் உண்டு. அப்படி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகச் சாவி கொடுக்காதீர்கள். பல்லாண்டுகளாகக் கிடந்த கடிகாரத்தில் எண்ணெய் பிசுக்காக இறுகியோ முற்றிலும் உலர்ந்தோ போயிருக்கும். முன்னும் பின்னும் ஆடி ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சுமுனை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு பருமனே உடையது. அது கெம்புக் கல்லின் குழியில் எண்ணெயின்றிச் சுழலும்போது தேய்கிறது. ஓடாமல் கிடந்த காலத்தைவிட, அழுக்கோடு ஓடிய சில மாதங்களே மெஷினுக்கு அதிகக் கேடு செய்யக்கூடும்.

அடுத்து, டயல், முட்கள், சாவி, பின்மூடி, பக்கவாட்டு விளிம்புகள் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். பழைய ரோலக்ஸில் வரிசை எண் 6 மணிப் பக்கத்தில், பட்டை பொருந்தும் இரு கொம்புகளுக்கு இடையே பொறிக்கப்பட்டிருக்கும். பழைய ஒமேகாவில் அது உள்ளே மெஷினின் மேல் இருக்கும். அதற்காக வீட்டில் கத்தியை வைத்துப் பின்மூடியை நெம்ப வேண்டாம். கடைக்காரர் திறக்கும்போது படம் எடுத்துத் தரச் சொன்னால் போதும். 1960களுக்கு முற்பட்ட, இருளில் ஒளிரும் எண்கள் கொண்ட டயல் என்றால் அதில் ரேடியம் பூசியிருக்க வாய்ப்புண்டு. ஒளிர்வது நின்றுபோனாலும் ரேடியத்தின் கதிர்வீச்சு நிற்பதில்லை. அதன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1,600 ஆண்டுகள். உதிரும் தூளை மூச்சில் இழுப்பதே ஆபத்து என்பதால், இதைப் பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்வது உங்கள் கடமை.

யாரிடம் கொடுப்பது? திருநெல்வேலி டவுனிலோ ஜங்ஷனிலோ பாளையங்கோட்டையிலோ அனுபவம் மிக்க ஒருவர் கிடைத்தால், வெளியூருக்கு அனுப்பும் முன் அவரிடம் பேசிப் பார்ப்பதே என் பரிந்துரை. மெஷினை முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்வாரா, அல்லது பெட்ரோலில் முக்கி எடுத்து ஒரே எண்ணெயை எல்லா இடத்திலும் விடுவாரா என்று மரியாதையாகக் கேளுங்கள். முறையான சர்வீஸில், சாவி கொடுக்கும்போது இறுகிக் கடிகாரத்தை ஓட்டும் மெயின் ஸ்பிரிங்குக்கு ஒன்று, வேகமாக ஆடும் பேலன்ஸ் அச்சுக்கு மெல்லியது ஒன்று, அழுத்தம் தாங்கும் சக்கரங்களுக்குக் கனமானது ஒன்று என வெவ்வேறு எண்ணெய்கள் பயன்படுகின்றன. ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி அவரிடம் இருப்பதும் நல்ல அறிகுறி. நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற மையத்துக்கு அனுப்புவதாயின், செலவும் காத்திருப்பும் கூடும் என்பதோடு, மங்கிய டயலையும் முட்களையும் புதியவையாக மாற்றிவிடும் பழக்கம் சில இடங்களில் உண்டு என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எங்கே கொடுத்தாலும், என்ன செய்யக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்மொழி போதாது; பெரும்பாலும் இழப்பு இங்கேதான் நேர்கிறது, அதுவும் நல்லெண்ணத்தால் நேர்கிறது. டயலுக்கு மறுவண்ணம் பூசக் கூடாது. மறுபூச்சு டயல்கள் நம் நாட்டில் ஏராளமாகப் புழங்குவதால், சேகரிப்பாளர்கள் இந்தியாவிலிருந்து வரும் பழைய கடிகாரங்களையே ஐயத்தோடு பார்க்கின்றனர்; பழுப்பேறிய அசல் டயலுக்குக் கிடைக்கும் மதிப்பு, பளபளக்கும் மறுபூச்சுக்குக் கிடைப்பதில்லை. கடிகாரத்தின் உலோகக் கூட்டுக்குப் பாலிஷ் போடக் கூடாது. ஒவ்வொரு பாலிஷும் உலோகத்தைச் சுரண்டியே எடுக்கிறது. கூர்மையான விளிம்புகள் ஒருமுறை மழுங்கினால் பழைய வடிவம் எளிதில் மீள்வதில்லை. மாற்றப்படும் பாகம் எதுவாயினும் முதலில் தொலைபேசியில் கேட்க வேண்டும், கழற்றிய பழைய பாகத்தைச் சிறு உறையிலிட்டுத் திருப்பித் தர வேண்டும். மெயின் ஸ்பிரிங்கும் ரப்பர் வளையமும் தேயும் பொருள்கள், அவற்றைத் தயங்காமல் மாற்றலாம். கீறல் விழுந்த பிளாஸ்டிக் கண்ணாடியைத் தேய்த்தே தெளிவாக்கிவிடலாம்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய பெருமழையில் தண்ணீர் புகுந்த வீட்டில் இருந்த கடிகாரமானால், அதை மறைக்காமல் சொல்லுங்கள். எஃகுப் பாகங்களில் துருப் பிடித்திருக்கக்கூடும், மதிப்பீடும் அதற்கேற்ப மாறும். இனி எப்போது நனைந்தாலும், வெயிலில் காய வைத்துக் காத்திராமல் அன்றைக்கே திறக்கக் கொடுப்பது நல்லது.

திரும்ப வாங்கும்போது, முழுச் சாவி கொடுத்து டயல் மேல்நோக்கிய நிலையில் டைம்கிராஃபரில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பேலன்ஸ் சக்கரத்தின் வீச்சு, அதாவது நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் அது ஆடும் கோணம், 270 டிகிரியை ஒட்டியிருந்தால் பெரும்பாலான மெஷின்களுக்கு அது நல்ல நிலை. பழைய கடிகாரம் நாளொன்றுக்குப் பதினைந்து இருபது விநாடி முன்பின்னாக ஓடுவதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பின்மூடியில் நீர்புகாது என்று பொறித்திருந்தாலும், தாமிரபரணிக் குளியலுக்கும் குற்றாலத்துக்கும் அதைக் கழற்றி வைத்துவிட்டே செல்லுங்கள். தேதி காட்டும் கடிகாரமானால் இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையே தேதியைத் திருத்தாதீர்கள்; அந்த நேரத்தில் தேதியை நகர்த்தும் பற்கள் பொருந்தி நிற்பதால் அவை முறியலாம். கையால் சாவி கொடுக்கும் வகையானால் தினமும் ஒரே நேரத்தில் கொடுத்து, தடை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்; ஐந்தாறு ஆண்டுகள் கழித்து எண்ணெயைச் சோதிக்க மீண்டும் கொண்டுசெல்ல வேண்டிய மாதத்தை இப்போதே ரசீதின் பின்புறம் குறித்து வையுங்கள்.