குழந்தைக்கு வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது கவனம்

கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதல் ஆபத்து உடலில் நீர் வற்றுவதுதான். அதை ஈடுகட்டத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் உப்பு, சர்க்கரைத் தூள்தான் ஓ.ஆர்.எஸ். அதன் பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பார்கள். பெரியது 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் ஒரேயடியாகக் கலக்க வேண்டும். "குழந்தைதானே" என்று கொஞ்சம் தூளை ஒரு டம்ளரில் போட்டுக் கலக்கினால் உப்பின் அளவு மாறிவிடும், அது நல்லதல்ல. கலக்கியது 24 மணி நேரத்துக்குத்தான்.

இரண்டு வயதுக்குள் என்றால் ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி, ஸ்பூனால் நிதானமாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் இன்னும் மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பாட்டிமார் பட்டினி போடச் சொன்னாலும் சரி! துத்தநாக (ஜிங்க்) மருந்தை டாக்டர் 14 நாள் எழுதினால், போக்கு நின்ற பிறகும் முடியும்வரை கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கான 'நிறுத்தும் மாத்திரை' பக்கமே போகாதீர்கள்.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காமல் முதலிலேயே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.