கண்டிக்குக் கதிர்வீச்சு சிகிச்சைக்குப் போகுமுன்

கண்டி தேசிய வைத்தியசாலையில் புற்றுநோய்க்கான கதிர்வீச்சு சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் பஸ் காசும் போகும், தோட்டத்தில் வேலைக்குப் போகாமல் பேர் விழாத நாட்களின் சம்பளமும் போகும். அதனால் முதலில் நாட்களைக் கணக்குப் பாருங்கள். வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமாக 33 முதல் 35 தடவை. திங்கள் முதல் வெள்ளி வரை, ஏறத்தாழ 7 வாரம். மார்பகத்துக்குப் பெரும்பாலும் 15 தடவை போதும். கருப்பைக் கழுத்துக்கு வெளியிலிருந்து 25 தடவை கொடுத்து, பிறகு உள்ளே கருவி வைத்தும் கொடுப்பார்கள். இவை இரண்டும் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும்.

இடையில் நாள் விட்டால் மிஞ்சிய புற்றுக்கலங்கள் மறுபடி பெருகும். தலை, கழுத்துப் பகுதியில் 4ஆவது வாரத்துக்குப் பிறகு இது வேகமாக நடக்கும். ஹட்டன் பக்கத்திலிருந்து தினமும் போய்வருவது உடம்புக்கு ஆகாது. மழைக்காலத்தில் மண் சரிந்தால் பாதையும் மூடிவிடும். தங்க இடம் கிடைக்குமா என்று முதல் நாளே தாதியிடம் கேளுங்கள். போயா விடுமுறையில் விடுபடும் தடவையை எப்போது ஈடுகட்டுவார்கள் என்றும் கேளுங்கள். தோட்டத்தில் கொடுக்க லீவுக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாய்ப் புற்றுநோய் என்றால் பல்லைப் பார்க்காமல் தொடங்கவே கூடாது. காப்பாற்ற முடியாத பல்லைச் சிகிச்சைக்கு இரண்டு வாரமாவது முன்பே பிடுங்க வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிறகு பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம்; வருடங்கள் கழிந்தாலும் இந்த ஆபத்து உண்டு. வெற்றிலை, பாக்கு, புகையிலையை அன்றோடு விடுங்கள்.

கதிர் படவேண்டிய இடத்தைக் குறிக்கும் ஸ்கேன் நாளில், தலை, கழுத்துக்கு என்றால் சூடான நீரில் இளக்கிய வலைத்தகட்டை முகத்தில் படியவைத்து முகமூடி செய்வார்கள். தாடியை அதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். பிறகு உடம்பு மெலிந்தால் முகமூடி தளரும், கதிர் படவேண்டிய இடம் விலகும். தளர்வாக இருந்தால் உடனே சொல்லுங்கள். தோலில் போட்ட கோடு அழிந்தால் வீட்டில் பேனையால் வரையாதீர்கள்.

அடிவயிற்றுக்கு என்றால் எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் முன்பு குடிப்பது என்று கேட்டு, தினமும் அதே அளவு குடியுங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் குடல் மேலே ஒதுங்கிக் கதிரிலிருந்து தப்பும். சிங்களத்தில் சொன்னது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழ் தெரிந்தவரைக் கூப்பிடச் சொல்லுங்கள்; அது நோயாளியின் உரிமை.

வாய் புண்ணானால் கொதித்தாறிய 1 லீட்டர் நீரில் உப்பு ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா ஒரு தேக்கரண்டி கலந்து இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் கொப்பளியுங்கள். காய்ந்த ரொட்டியும் கட்டச்சம்பலும் வேண்டாம். கஞ்சி, பருப்பு, முட்டை நல்லது. கதிர் படும் தோலில் மஞ்சள், தைலம், சுடுநீர் ஒத்தடம் எதுவும் ஆகாது. குளிருக்குக் கம்பளியை நேரே கழுத்தில் சுற்றாமல், உள்ளே மெல்லிய பருத்தித் துணி போடுங்கள்.

வெளியிலிருந்து கதிர் கொடுத்தால் உடம்பில் அது தங்காது. பிள்ளைகளைத் தாராளமாகத் தூக்கலாம். கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சையும் சேர்ந்து நடக்கும்போது காய்ச்சல் 38 பாகை செல்சியஸைத் தொட்டால் பனடோல் போட்டுக்கொண்டு லயத்தில் படுத்திருக்காதீர்கள். இரவானாலும் கிளினிக் கொப்பியோடு கிட்டிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.