தோட்டத்துச் சொற்களைக் கொப்பியில் எழுதி வைப்பது எப்படி

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இப்போது தமிழ் படிப்பிக்கிறேன். லயத்துப் பேச்சை, அதாவது தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளின் பேச்சை, சேர்த்து எழுத ஆசைப்படும் பிள்ளைகள் எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

எண்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். அம்மாயி முன்னால் உட்கார்ந்து, "பழைய சொல் ஏதாவது சொல்லுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். ஒன்றுமே ஞாபகத்துக்கு வராது, பாவம். "விடியக்காலை எழும்பினதும் என்ன செய்வீங்க?" என்று ஒரு நாளை முழுதாகக் கேளுங்கள். வேலைக்குப் போகுமுன் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று, இடுப்பைச் சுற்றிப் படங்குத் துணி கட்டி, மலை ஏறி, கொழுந்து நிறுத்து, பணிய இறங்கி வரும் வரைக்கும் அவர் சொல்லட்டும். சொற்கள் தன்னால் வரும்.

காதில் விழுந்தபடியே எழுதுங்கள். 'பெரட்டு' பரேட் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்று ஓரத்தில் குறிக்கலாம். ஆனால் சொல்லைத் திருத்தக் கூடாது. நான் திருத்தியிருக்கிறேன், இன்றைக்கும் அது மனதை உறுத்துகிறது. "அம்மாவுக்கு நேற்று அரைப்பேர்" என்று ஒரு பிள்ளை கட்டுரையில் எழுதியிருந்தாள். சிவப்புப் பேனையால் அதை வெட்டி, 'அரை நாள் சம்பளம்' என்று போட்டேன். "இல்ல டீச்சர், அம்மா முழு நாளும் மலையிலதான் நின்னாங்க" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். "இந்த மாசம் எத்தனை பேர்?" என்றால் எத்தனை நாள் சம்பளம் என்று அர்த்தம். சொன்ன கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர்தான். நாள் முழுசாகப் போயிருக்கும், பேர் மட்டும் பாதியாகிவிடும். நான் எழுதிய 'நல்ல தமிழ்' அந்த அநியாயத்தை மறைத்துவிட்டது.

அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் யார் யாரிடம் சொன்னது என்று எழுதுங்கள். தோட்டத்தை நிர்வகித்த துரையை 'நீங்க' என்றவர்களை அவர் எப்படிக் கூப்பிட்டார்? வேலையை மேற்பார்த்த கணக்கப்பிள்ளைக்கு 'ஐயா' போட்டார்களே, அவர் பதிலுக்கு என்ன சொன்னார்? இதைக் கேட்கும்போது சிலர் பேசாமல் இருந்துவிடுவார்கள். அவசரப்படுத்த வேண்டாம், இன்னொரு நாள் போகலாம்.

பேர் மாறியவற்றையும் விடாதீர்கள். வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவின் பலகையில் இப்போது 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று இருக்கிறது. காம்பரா போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல், அறை என்று பொருள். 'இந்தியத் தமிழர்' என்று அரசாங்கம் எழுதியதும், 'மலையகத் தமிழர்' என்று நாம் சொல்லிக்கொள்வதும் ஒரே பக்கத்தில் வரட்டும். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாட்டையே இழந்தவர்களுக்குத் தங்கள் பேரைத் தாங்களே வைத்துக்கொள்வது சின்ன விஷயமில்லை.

எழுதி முடித்ததும் அன்றைக்கே வாசித்துக் காட்டுங்கள். 'காம்பரா: அறை' என்று நான் வாசித்தபோது எங்கள் லயத்து அம்மாயி ஒருவர் நிறுத்தச் சொன்னார். "பத்துக்குப் பன்னிரண்டு அடின்னு போடு. அதுல ஒம்பது பேரு படுத்தோம்னும் போடு" என்றார். அப்படியே போட்டேன்.